அம்மப்பாவின் பெயரில் 50,000 ரூபாய்: எந்த உண்டியலில் போடுவது?

அம்மப்பாவின் பத்தாவது திவசம் வருகிறது. வழக்கமாக அன்றைக்கு ஏதாவது ஓர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுப்போம். இந்த முறை அம்மாவுக்கு வேறு ஆசை. அம்மப்பா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையில் லொறி ஓட்டியவர். அதனால் முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் ஓர் அமைப்புக்கு அவர் பெயரில் 50,000 ரூபாய் கொடுக்கலாமே என்றார். எல்லோரும் சரி என்று தலையாட்டினோம். எந்த அமைப்புக்கு என்று வந்தபோதுதான் எங்கள் வெள்ளவத்தை வீட்டு விறாந்தை நாலு கட்சியாகப் பிரிந்தது.

நியூ ஜேர்சியில் இருக்கும் மச்சான், தான் பணம் கொடுத்துவரும், காயம்பட்ட அமெரிக்கப் படைவீரர்களுக்கு உதவும் வூண்டட் வொரியர் புரொஜெக்ட்டைச் சொன்னான். மாமாவுக்கு, முன்னாள் படைவீரர் நிதிக்காக விற்கும் நவம்பர் மாதப் பொப்பி மலர். அப்பாவின் பழைய அலுவலக நண்பர், இலங்கைப் படையினரின் நலன் பார்க்கும் அரசாங்கத்தின் ரணவிரு (போர் வீரர்) சேவா அதிகாரசபையை முன்மொழிந்தார். தங்கச்சி, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வேண்டுகோளை நீட்டினாள்: சக்கர நாற்காலியில் ஒருவரின் படம், கீழே ஒரு வங்கிக் கணக்கு இலக்கம்.

மாமா ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் முப்பது வருடம் இருந்தவர். அவர் ஒரே ஒரு அளவுகோல்தான் வைத்தார். "ஆர் நல்லவர் எண்டு கேட்டுப் பிரயோசனமில்லை தம்பி. ஆரிட்ட கணக்குக் கேட்கலாம், கேட்டால் என்ன வரும், அதைப் பார்." நாலையும் அந்த ஒரே தராசில் வைத்துப் பார்த்தேன். எதிர்பார்த்தபடி தட்டு சாயவில்லை.

மச்சானின் அமெரிக்க அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2003இல் தொடங்கி, சில வருடங்களிலேயே கோடிக்கணக்கான டொலர் திரட்டும் நிறுவனமாக வளர்ந்தது அது. 2016 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சியும் நியூ யோர்க் டைம்ஸும் அதன் செலவுகளைக் கிளறின. மாநாடுகளுக்கும் கூட்டங்களுக்குமான செலவு 2010இல் 17 இலட்சம் டொலராக இருந்து 2014இல் 2 கோடி 60 இலட்சமாக ஏறியிருந்தது. கொலராடோவில் ஓர் ஐந்து நட்சத்திர விடுதியில் ஊழியர் ஒன்றுகூடல். தலைமை நிர்வாகி ஒரு நிகழ்ச்சியில் கயிற்றில் தொங்கிக் கட்டிடத்திலிருந்து இறங்கி வந்தார் என்பதும் செய்தியானது. அதே வருடம் மார்ச்சில் நிர்வாகச் சபை அவரையும் அடுத்த நிலை அதிகாரியையும் வீட்டுக்கு அனுப்பியது.

எனக்குச் சுவாரசியமானது கயிறு அல்ல, சதவீதம். கிடைக்கும் பணத்தில் 80.6 சதவீதம் வீரர்களுக்கான சேவைகளுக்கே போகிறது என்றது அமைப்பு. அறநிறுவனங்களை மதிப்பிடும் சரிட்டி நவிகேட்டரின் கணக்கிலோ அது 60 சதவீதம். இருவரும் பார்த்தது ஒரே ஏட்டைத்தான். அப்புறம் எப்படி இருபது சதவீதம் காணாமல் போனது?

இதை மாமா கோயில் நோட்டீசை வைத்து விளக்கினார். திருவிழா நோட்டீசின் முன்பக்கம் உபயகாரர் பட்டியலும் நன்கொடை வேண்டுகோளும் இருக்கும். பின்பக்கம் சிவபுராணம். அச்சுச் செலவு முழுவதையும் நிதி திரட்டும் செலவு என்று எழுதலாம். அல்லது பின்பக்கத்தைக் காட்டி, பாதியைச் சமயப் பணி என்று எழுதலாம். இரண்டாவதும் பொய் இல்லை, ஆனால் நோட்டீஸ் எதற்காக அடித்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் இதற்குக் கூட்டுச் செலவு என்று பெயர். காசு கேட்கும் கடிதத்திலும் விளம்பரத்திலும் வீரர்களின் துன்பத்தைப் பற்றி நாலு வரி அறிவூட்டல் சேர்த்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, செலவில் ஒரு பகுதியைச் சேவைக் கணக்கில் எழுதக் கணக்கியல் விதிகளே இடம் தருகின்றன. தொலைக்காட்சிகள் இலவசமாகத் தந்த விளம்பர நேரத்தின் பெறுமதியும் இப்படி உள்ளே வந்தது. 2017இல் அமெரிக்கச் செனட்டர் சக் கிராஸ்லி வெளியிட்ட அறிக்கை குறை சொன்னதும் இந்த எண்ணும் முறையைத்தான்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நிர்வாகச் சபை அமர்த்திய வெளியார் மதிப்பாய்வு, ஊடகங்கள் சொன்ன சில தொகைகள் பிழை என்றது. 30 இலட்சம் டொலர் என்று பேசப்பட்ட அந்த விடுதிச் செலவு ஏறத்தாழ 9 இலட்சத்து 70 ஆயிரம்தான் என்றது. அதுவும் சின்னத் தொகை இல்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு.

இத்தனை சந்தி சிரித்தும் மாமாவின் தராசில் இந்த அமைப்புக்கு நல்ல புள்ளி விழுகிறது. ஏனென்றால், இதையெல்லாம் கொழும்பில் இருந்துகொண்டு, ஒரு சதம் செலவில்லாமல் என்னால் பார்க்க முடிந்தது. அமெரிக்க அறநிறுவனங்கள் வருடாவருடம் வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் 990 படிவம் பகிரங்க ஆவணம். தலைமை அதிகாரியின் சம்பளம், நிதி திரட்டும் செலவு, கூட்டுச் செலவு எல்லாம் தனித்தனி வரிகளில் இருக்கும். புரோபப்ளிக்கா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் இணையத்தளத்தில் அமைப்பின் பெயரைத் தட்டினால் வந்து விழுகிறது. ஆட்டம் கண்ட அமைப்பு அகப்பட்டதற்கும், பிறகு புதுத் தலைமையின் கீழ் சரிட்டி நவிகேட்டரில் உயர்ந்த மதிப்பீட்டுக்கு ஏறியதற்கும் காரணம் அந்தத் திறந்த ஏடுதான்.

படிவம் இருந்தால் போதும் என்று மச்சான் துள்ளியபோது மாமா இன்னொரு கதையை எடுத்து விட்டார். யூஎஸ் நேவி வெட்டரன்ஸ் அசோசியேஷன் என்று ஃபுளோரிடாவில் ஓர் அமைப்பு. அதுவும் ஒழுங்காகப் படிவம் கொடுத்தது. 2010இல் சென் பீட்டர்ஸ்பேர்க் டைம்ஸ் நிருபர்கள், பட்டியலில் இருந்த 80க்கும் மேற்பட்ட நிர்வாகிகளைத் தேடிப் போனார்கள். அகப்பட்டவர் ஒரே ஒருவர், பொபி தொம்ஸன். அந்தப் பெயரும் களவு எடுத்தது. உண்மைப் பெயர் ஜோன் டொனால்ட் கோடி, ஹாவர்டில் சட்டம் படித்தவர். பத்துக் கோடி டொலர் அளவில் திரட்டியதாகச் சொல்லப்பட்ட அவருக்கு 2013இல் ஒஹாயோ நீதிமன்றம் 28 வருடச் சிறை விதித்தது. ஆக, தாளில் இருக்கும் பெயர் தொலைபேசியில் பேசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி நம்மூர்.

ரணவிரு சேவா அதிகாரசபை என்று அப்பாவின் நண்பர் சொன்னதும் விறாந்தையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தமிழ் வீட்டில் அந்தச் சொல் அப்படித்தான் விழும். அதற்கான காரணங்கள் எங்களுக்கும் வாசிப்பவருக்கும் தெரிந்தவை. "மனத்தாங்கல் வேற, கணக்கு வேற" என்று மாமா பேச்சைத் திருப்பினார். கணக்காக மட்டும் பார்த்தால் இது வலுவான இடம். 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரச அமைப்பு. கணக்கைப் பார்ப்பவர் அமைப்பே தெரிந்தெடுத்த ஆள் இல்லை, கணக்காய்வாளர் தலைமை அதிபதி. அவருடைய அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போகும், அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் பாராளுமன்றக் கோப் குழு கூப்பிட்டுக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நானே எழுதிக் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு.

குறை என்னவென்றால், கணக்காய்வு அறிக்கை எப்போதும் பிந்தித்தான் வரும். போன வருடக் காசைப் பற்றி அடுத்த வருடமோ அதற்குப் பிறகோ வாசிக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. திறைசேரிப் பணத்தில் நடக்கும் இடத்தில் என் 50,000 ரூபாய் கடலில் விழுந்த துளிதான். அது யாருக்கு என்ன செய்தது என்று தனியாகக் காட்ட முடியாது. காணாமல் போகாது என்று நம்பலாம், கண்ணுக்குத் தெரியும் என்று நம்ப முடியாது.

பொப்பியின் கதை வேறு. அந்தப் பூவின் மேல் கணக்குக் கேட்ட வழக்கு கொழும்பில் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் 11ஐ ஒட்டி இங்கும் பொப்பி விற்றார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போகிறது, அதே போரில் நின்ற இலங்கை வீரர்களுக்கு மிஞ்சுவது சொற்பம் என்று ஏலியன் பெரேரா என்ற முன்னாள் வீரர் கொதித்தார். 1931இல் பொப்பிக்குப் போட்டியாக 'சூரிய மல்' விற்கத் தொடங்கினார்கள். அது வேறொன்றுமில்லை, நாங்கள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதும் பூவரசின் மஞ்சள் பூ. 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்துப் பெரிய ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினார்கள். 1934-35 மலேரியாக் காலத்தில் அவர்களேதான் கிராமம் கிராமமாக நிவாரணத்துக்குப் போனார்கள். 1935 டிசம்பரில் பிறந்த லங்கா சமசமாஜக் கட்சியின் வேர்களில் ஒன்று, ஓர் உண்டியல் கணக்கு. பூ வாங்கியவர் நம்மவருக்கு என்று நினைத்துக் காசு போட்டார், காசு கப்பல் ஏறியது. நிதி திரட்டலில் நேர்மை என்று இன்று எதைப் பேசுகிறோமோ அதேதான் அன்றும் கேள்வி.

இன்று பொப்பியை விற்பது இலங்கை முன்னாள் படைவீரர் சங்கம். நவம்பரில் விகாரமகாதேவிப் பூங்கா நினைவுத் தூணில் மலர்வளையம் வைப்பார்கள். (தூண் முதலில் காலிமுகத்திடலில் நின்றது. ஜப்பானியர் குறி வைக்க உதவும் என்று போர்க் காலத்தில் கழற்றி உள்ளே கொண்டுவந்தார்களாம். அம்மப்பா இதைச் சொல்லும்போது ஏதோ தன் லொறியில் ஏற்றி வந்த மாதிரிச் சொல்வார்.) அம்மப்பாவின் தலைமுறை ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நின்று பேச ஆட்கள் இருக்கிறார்கள், போய்க் கேட்கக் கதவு இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் போல வீட்டில் இருந்தே தட்டிப் பார்க்க எல்லா அமைப்புகளையும் ஒரே இடத்தில் போட்ட கணக்குக் களஞ்சியம் இலங்கையில் இல்லை. அரசாங்கமோ வெளிநாட்டு அரசோ சர்வதேச அமைப்போ கணிசமாக நிதி தராத சங்கத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் செல்லாது. உறுப்பினருக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கிடைப்பது, வெளியில் இருந்து கொடுப்பவருக்குக் கேட்டால்தான் கிடைக்கும்.

தங்கச்சியின் வாட்ஸ்அப் வேண்டுகோளுக்கு அதிக நேரம் செலவாகவில்லை. வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில். அந்த ஒன்றிலேயே மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் விடாமல் தொலைபேசி எடுத்து, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவு இலக்கத்தையோ, உத்தரவாதக் கம்பனியாக இருந்தால் கம்பனிப் பதிவு இலக்கத்தையோ கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் மிகவும் மரியாதையாக, "அனுப்புறன் சேர்" என்றார். வந்தது இலக்கம் அல்ல, இன்னும் நாலு படங்கள். படத்தில் இருப்பவரின் கால் இல்லாதது உண்மையாக இருக்கலாம். அவருக்குக் காசு போகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. தங்கச்சிக்கு என் மேல் இன்னும் கோபம், கல்நெஞ்சன் என்கிறாள்.

ஆக, வெறும் கணக்குத் திறப்பை மட்டும் பார்த்தால் மச்சானின் அமைப்புத்தான் முன்னுக்கு நிற்கிறது, இவ்வளவு அடி வாங்கிய பிறகும். ஆனால் அங்கே போகும் 50,000 ரூபாயில் வங்கிக் கட்டணம் கடித்தது போக மிஞ்சும் டொலரை அவர்கள் தேடப் போவதில்லை. அது அம்மப்பா நின்ற போரும் இல்லை. மச்சான் அங்கிருந்து தன் காசைக் கொடுக்கட்டும். அதிகாரசபை இரண்டாவது. நான் பொப்பியை எடுத்தேன், ஒரு நிபந்தனையுடன்.

போன கிழமை மாமாவும் நானும் சேர்ந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். மூன்று கேள்விகள். கடைசியாகக் கணக்காய்வு செய்த வருடக் கணக்கின் பிரதி தருவீர்களா? பொப்பியில் திரண்டதில் நலன்புரிக்குப் போனது எவ்வளவு, எத்தனை பேருக்கு? குறிப்பிட்ட தேவைக்கு என்று எழுதிக் கொடுத்தால் அதைத் தனியாக வைத்துப் பற்றுச்சீட்டில் காட்டுவீர்களா? நாலாவதாக நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று நான் எழுதப் போனேன். மாமா அதை வெட்டிவிட்டார். சின்னச் சங்கத்துக்கும் ஒரு எழுதுவினைஞர் வேண்டும், மின்சாரப் பில் வரும். அதை வெட்கப்பட வைத்தால் அவர்களும் கோயில் நோட்டீஸ் அடிக்கப் பழகிவிடுவார்கள் என்றார்.

கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. பணம் அம்மாவின் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. திவசத்துக்கு இன்னும் ஐந்து கிழமை.