முழு வீடா, ஒரு அறையா, சர்வீஸ் அபார்ட்மெண்டா? பயணத்தில் வாடகைக்கு வீடு எடுப்பவர்களுக்கு ஓர் அலசல்

வெளியூரில் சில நாள் தங்க வாடகைக்கு இடம் தேடும்போது பெரும்பாலோர் படத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் விலையைப் பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டியதுதான். ஆனால் இரண்டு வீடுகளில் எதை எடுப்பது என்று தடுமாறும்போது நான் கேட்கும் கேள்வி வேறு: ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நிற்கிறோம், கதவு திறக்கவில்லை, யாரைக் கூப்பிடுவது, அவர் வருவாரா? இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தாலே முழு வீடு, வீட்டுக்காரர் இருக்கும் வீட்டில் ஓர் அறை, நிறுவனம் நடத்தும் சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்ற மூன்றும் வெவ்வேறு சரக்கு என்பது புரிந்துவிடும்.

முழு வீட்டில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஆசையும் அதில்தான் அதிகம், ஏமாற்றமும் அதில்தான் அதிகம். நாலைந்து பேர், குழந்தைகள், வயதானவர்கள் என்று போகும்போது ஹோட்டலில் இரண்டு அறை எடுத்துப் பிரிந்து படுப்பதைவிட ஒரே கூரையின் கீழ் இருப்பது நிம்மதி. அடுப்பு இருக்கும், துணி துவைக்க மெஷின் இருக்கும், குழந்தை தூங்கிய பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேச ஒரு கூடம் இருக்கும். இதையெல்லாம் ஹோட்டல் தராது.

சிக்கல் கணக்கில் வருகிறது. முழு வீட்டுக்குத் துப்புரவுக் கட்டணம் என்று ஒன்று உண்டு. ஓர் இரவு தங்கினாலும் பத்து இரவு தங்கினாலும் பெரும்பாலும் அதே தொகைதான். இரவு வாடகை 100, துப்புரவு 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவுக்கு 190 ஆகிறது. ஆறு இரவு தங்கினால் இரவுக்கு 115. இதன் மேல் முன்பதிவு செய்யும் இணையதளத்தின் சேவைக் கட்டணம், வரி எல்லாம் ஏறும். அதனால் ஓரிரு இரவுக்கு முழு வீடு எடுப்பது பெரும்பாலும் நஷ்டம். நல்ல வேளையாக, கட்டணங்களைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைக்கும் வழக்கம் குறைந்துவருகிறது. வீடும் அறையும் வாடகைக்கு எடுக்க உதவும் இணையதளமான ஏர்பிஎன்பி 2025 ஏப்ரல் முதல், வரி நீங்கலாக எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையைத் தேடல் பக்கத்திலேயே உலகெங்கும் காட்டுகிறது. அமெரிக்காவில் அடுத்த மாதமே அது குறுகிய காலத் தங்கல் இடங்கள் எல்லாவற்றுக்கும் சட்ட விதியாகிவிட்டது. இருந்தாலும் இரண்டு தளங்களை ஒப்பிடும்போது இரவு விலையை ஒப்பிடாதீர்கள். தேதியைப் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய், கடைசி எண்ணை ஒப்பிடுங்கள்.

இனி அந்தப் பதினொரு மணி. முழு வீட்டில் சாவி பெரும்பாலும் எண் பூட்டுள்ள சின்னப் பெட்டியில் தொங்கும், அல்லது கதவிலேயே எண் பலகை இருக்கும். எண் வேலை செய்யாவிட்டால் எல்லாம் உரிமையாளரின் தொலைபேசியைப் பொறுத்தது. அவர் அதே தெருவில் இருப்பவரா, வேறு நாட்டில் இருந்துகொண்டு முப்பது வீடுகளை ஆள் வைத்து நடத்துபவரா என்பது விளம்பரத்தின் தலைப்பில் தெரியாது. அவருடைய பெயரை அழுத்திப் பாருங்கள். அவர் பட்டியலிட்டிருக்கும் மற்ற வீடுகளும் வரும். முப்பது வீடு இருப்பது குற்றமில்லை. நன்றாக நடத்தும் நிறுவனங்களும் இருக்கின்றன, ஒரே வீட்டை வைத்துக்கொண்டு போனை எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ‘எங்கள் பாட்டி வாழ்ந்த வீடு’ என்று எழுதிவிட்டு அதே சோபா, அதே சுவர்ப்படத்தோடு பன்னிரண்டு வீடு வைத்திருந்தால் அந்தப் பாட்டியை நம்ப வேண்டாம்.

வீட்டுக்காரர் இருக்கும் வீட்டில் ஓர் அறை என்பது இதற்கு நேர் எதிர். ஏர்பிஎன்பி பிறந்ததே இப்படித்தான்: 2007-இல் சான்பிரான்சிஸ்கோவில் மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு, தங்கள் குடியிருப்பில் காற்று மெத்தை விரித்துக் கொடுத்ததில் இருந்து வளர்ந்த தொழில் அது. கதவு திறக்கவில்லை என்றால் மணியை அடித்தால் போதும். எந்தப் பேருந்து, எந்தத் தெருவில் ராத்திரி நடக்கக் கூடாது என்பதையெல்லாம் வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். தனியாகப் போகிறவருக்கு விலையிலும் இதுதான் இலாபம்.

விலை குறைவதற்கு ஈடாக நாம் கொடுப்பது சுதந்திரம். எத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது, சமையலறையைத் தொடலாமா, வீட்டில் நாய் உண்டா என்பதை முன்பே கேட்டுவிட வேண்டும். குளியலறை விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அறையோடு சேர்ந்தது, அறைக்கு வெளியே இருந்தாலும் உங்களுக்கு மட்டுமானது, எல்லோருக்கும் பொதுவானது என்று மூன்று வகை உண்டு. நடுவில் இருப்பதைத் தனிக் குளியலறை என்று படித்துவிட்டு, நள்ளிரவில் துண்டைக் கட்டிக்கொண்டு கூடத்தைக் கடக்கும்போதுதான் பலருக்கு விஷயம் புரிகிறது. தனியாகப் பயணம் செய்யும் பெண்கள், அதே வீட்டில் தனியாகத் தங்கிய பெண்கள் எழுதியிருப்பதைத் தேடிப் படிப்பது நல்லது. அப்படி ஒன்றுகூட இல்லாத வீட்டை நானாக இருந்தால் பரிந்துரைக்க மாட்டேன்.

சர்வீஸ் அபார்ட்மெண்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் சிறப்பே. வரவேற்பில் ஆள் இருப்பார், ரசீது முறையாக வரும், வாரம் ஒரு முறையாவது விரிப்பு மாற்றுவார்கள், கிளம்பும் நாளில் பெட்டியை வைத்துவிட்டு ஊர் சுற்றலாம். துப்புரவு வாடகையிலேயே அடங்கியிருக்கும், அதனால் குறைந்த நாளுக்குக் கணக்கு ஒத்துவரும். அழகு எதிர்பார்க்காதீர்கள், எந்த ஊரிலும் அதே சாம்பல் நிற நாற்காலிதான். ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெயரில் மட்டும் சர்வீஸ் அபார்ட்மெண்ட், அபார்ட்ஹோட்டல் என்று வைத்துக்கொண்டு வாசலில் சாவிப் பெட்டி மட்டும் தொங்கவிடும் இடங்கள் பெருகிவிட்டன. ‘24 மணி நேர வரவேற்பு’ என்று எழுத்தில் இல்லாவிட்டால் அதுவும் முழு வீடுதான், விலை மட்டும் ஹோட்டலுடையது.

சரி, எந்தத் தளத்தில் எடுப்பது? மூன்று பெரிய தளங்களுக்கும் பிறப்பிலேயே குணம் வேறு. 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய வெர்போ முழு வீடுகளுக்கானது. அங்கே வீட்டுக்காரரோடு பகிரும் அறை கிடையாது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் தொடங்கிய புக்கிங் டாட் காம் அடிப்படையில் ஹோட்டல் தளம், வீடுகள் பின்னால் சேர்ந்தவை. அதனால் ஹோட்டலையும் வீட்டையும் ஒரே திரையில் வைத்து ஒப்பிட அதுதான் வசதி. முகவரியும் பெரும்பாலும் முன்பே தெரியும். ஏர்பிஎன்பியில் பணம் கட்டும் வரை பெரும்பாலும் வரைபடத்தில் ஏறக்குறைய இந்தப் பகுதி என்று ஒரு வட்டம்தான் தெரியும். ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிடம் என்று விளம்பரத்தில் இருந்தால், அந்த வட்டத்தின் மறு ஓரத்தில் இருந்து நடந்தால் எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மதிப்பெண்களை அப்படியே ஒப்பிடவும் முடியாது. ஏர்பிஎன்பியில் ஐந்துக்கு, புக்கிங் டாட் காமில் பத்துக்கு. ஏர்பிஎன்பியில் தங்கியவரும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் மதிப்பிடுகிறார்கள். இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கழியும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பழிக்குப் பழி எழுதுவதைத் தடுக்கும் ஏற்பாடு. ஆனால் வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்து குறை எழுத மனிதருக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. அதனால் அங்கே மதிப்பெண் மேல்பக்கம் குவிந்துகிடக்கும். நல்ல வீட்டுக்காரர்களுக்கு ஏர்பிஎன்பி தரும் ‘சூப்பர்ஹோஸ்ட்’ பட்டத்துக்கே 4.8 வேண்டும் என்றால் 4.5 என்பது நல்ல மதிப்பெண் இல்லை.

எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள், அதுவும் கடைசி ஆறு மாதத்தில் வந்ததை. குறை சொல்லத் தயங்குபவர்கள் குறையைப் பாராட்டுக்குள் வைத்து எழுதுவார்கள். ‘படுக்கைக்குப் பக்கத்தில் காதடைப்பான்கூட வைத்திருந்தார்கள், என்ன கரிசனம்!’ என்று ஒருவர் எழுதினால், கீழே ராத்திரி முழுக்கச் சத்தம் போடும் ஏதோ ஒன்று இருக்கிறது. ‘உடற்பயிற்சிக்குக் குறைவில்லை’ என்றால் லிப்ட் இல்லை. ‘உரிமையாளர் உடனே ஆள் அனுப்பினார்’ என்பது உண்மையிலேயே பாராட்டு, ஆனால் எதற்கு ஆள் அனுப்ப வேண்டி வந்தது என்று அடுத்தவர் எழுதியதில் தேடுங்கள். ஈரவாடை, வெந்நீர், சத்தம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று மூன்று பேர் எழுத்தில் வந்தால், மதிப்பெண் எதுவாக இருந்தாலும் அந்த வீட்டை விட்டுவிடலாம்.

படங்களில் இருப்பதைவிட இல்லாததைத் தேட வேண்டும். இருபது படத்தில் குளியலறை ஒன்றுகூட இல்லையென்றால் காரணம் இருக்கும். அகலக் கோண லென்ஸ் அறையை நீட்டிக் காட்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நடக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அது பொய் சொல்லாது. ‘ஆறு பேர் தங்கலாம்’ என்பதில் இரண்டு பேர் கூடத்து சோபாவில் படுப்பவர்களாக இருப்பார்கள். சமையலறை உண்டு என்று போட்டிருந்தால் அடுப்பு கண்ணில் படுகிறதா, கெட்டில் மட்டும்தானா?

தளம் வேண்டாம், நேரே வந்தால் குறைத்துத் தருகிறேன் என்று சில உரிமையாளர்கள் சொல்வார்கள். சேவைக் கட்டணம் மிச்சம் என்பது உண்மைதான். ஏற்கனவே தங்கிப் பழகிய வீடு என்றால் யோசிக்கலாம். முகம் தெரியாதவரிடம் முதல் தடவையே இப்படிப் போகக் கூடாது. ஏர்பிஎன்பி வழியாகக் கட்டும் பணம் பொதுவாகச் செக்-இன் நேரம் கடந்து ஏறக்குறைய 24 மணி நேரம் கழித்துத்தான் உரிமையாளருக்குக் கிளம்புகிறது. வீடு படத்தில் இருந்தபடி இல்லையென்றால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வழி இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பிய பணத்துக்கு இந்த இரண்டும் கிடையாது. தளத்தில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வெளியே வந்து பணம் அனுப்பச் சொன்னால், அந்த வீடே இல்லாமல் இருக்கலாம்.

சட்டத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் கடைசி நேரத்தில் பயணத்தைக் கெடுப்பது அதுதான். ஜப்பானில் 2018 ஜூனில் புதிய தங்கல் சட்டம் நடைமுறைக்கு வரும் முன் ஏர்பிஎன்பி பதிவெண் இல்லாத வீடுகளை ஆயிரக்கணக்கில் நீக்கியது. அவற்றில் முன்பதிவு செய்திருந்த பலர் கிளம்பும் நேரத்தில் வேறு இடம் தேட வேண்டி வந்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பரில் இருந்து, 30 நாளுக்குக் குறைவான வாடகை என்றால் வீடு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், வீட்டுக்காரரும் உடன் இருக்க வேண்டும், விருந்தாளிகள் இருவருக்கு மேல் கூடாது. அதாவது அங்கே முழு வீட்டுக் கனவை ஏறக்குறைய மறந்துவிடலாம்; அறை அல்லது ஹோட்டல். பாரிஸில் ஒருவர் தன் சொந்தக் குடியிருப்பை ஆண்டுக்கு 120 இரவு வாடகைக்கு விடலாம் என்றிருந்தது 2025-இல் 90 ஆனது. பார்சிலோனா தன்னிடம் உரிமம் பெற்ற பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலாக் குடியிருப்புகளையும் 2028 நவம்பருக்குள் நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறது. பதிவெண் கட்டாயமான ஊரில் விளம்பரத்தில் அந்த எண் இல்லையென்றால் பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். இந்த விஷயத்தில் கவலை குறைவு சர்வீஸ் அபார்ட்மெண்டில்தான்.

கேமரா பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி வீட்டுக்குள் கேமராவையே தடைசெய்துவிட்டது. வாசலில் இருந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். உள்ளே ஒன்று கண்ணில் பட்டால் அது விதிமீறல், தயங்காமல் புகார் செய்யலாம்.

ரத்து விதியில் ‘இலவச ரத்து’ என்ற சொல்லோடு நிற்காமல் தேதியைப் பாருங்கள், நேரத்தையும் பாருங்கள். அந்தக் கெடு வீடு இருக்கும் ஊரின் நேரப்படி. நம் கடிகாரத்தில் இன்னும் அரை நாள் இருக்கிறது என்று நினைத்தால் அங்கே கெடு முடிந்திருக்கும்.

என் தீர்ப்பு இதுதான். ஓரிரு இரவுக்கு மூன்றும் வேண்டாம், ஹோட்டலே போதும். தனியாக அல்லது இருவராக, மூன்று நாளில் இருந்து ஒரு வாரம் என்றால் அறை. நள்ளிரவில் இறங்குகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள், அலுவலகக் கணக்கில் தங்குகிறவர்கள் ஆகியோருக்கு சர்வீஸ் அபார்ட்மெண்ட், அழகில்லாவிட்டாலும் பரவாயில்லை. முழு வீடு, நாலு பேருக்கு மேல், ஐந்து இரவுக்கு மேல் என்று இருந்தால்தான். அதுவும் பகலில் போய்ச் சேர்கிற மாதிரி டிக்கெட் போட்டு.

ஒரு மாதம் என்றால் கதை வேறு. தள்ளுபடி கணிசமாகக் கிடைக்கும், ஆனால் ஏர்பிஎன்பியில் 28 இரவைத் தொட்டதும் ரத்து விதி கடுமையாகிவிடும். பிடிக்கவில்லை என்று பாதியில் கிளம்பினாலும் கட்டணத்தில் பெரும் பகுதி திரும்ப வராது. அதனால் முதல் ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்து, தங்கிப் பார்த்து, பிடித்திருந்தால் நீட்டிக் கேட்பேன். அதற்குள் வேறு யாராவது மீதி நாட்களை எடுத்துவிட்டால் அடுத்த தெருவில் இன்னொரு வீடு தேட வேண்டியதுதான்.