அசெட்டசோலமைடு 250 மி.கி. மாத்திரை – ரெண்டு வாரம் போட்டு பாத்த அனுபவம்

கண்ணுல பிரஷர் ஏறிடுச்சுன்னு டாக்டர் எழுதி குடுத்தது, பிரஷர் நல்லா எறங்குச்சு, அந்த வேலைய கரெக்டா செய்யுது, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி சுருக்சுருக்னு இருக்கு, சோடா குடிச்சா வெறும் இனிப்புத் தண்ணி மாதிரி சப்புனு இருக்கு (முதல்ல பாட்டில்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்), ராத்திரி பாத்ரூமுக்கு நடந்தே கால் தேஞ்சிருச்சு. மாடி ஏறினா தொடை இறுகினது லேசுல விடமாட்டேங்குது, இது மருந்தாலதானான்னு டாக்டர்தான் சொல்லணும், ஆனா காரணம் தேடினப்போ படிச்சது செம இன்ட்ரஸ்டிங்: தசை தளரணும்னா தசை செல்லுக்குள்ள பரவியிருக்குற கால்சியத்த பம்ப் பண்ணி, அத சேத்து வைக்குற குட்டிப் பைக்குள்ள திரும்ப அடைக்கணும், அப்ப பதிலுக்கு பையிலேருந்து ப்ரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) வெளிய வரணும், அந்த ப்ரோட்டான சட்டுனு சப்ளை பண்றதே கார்பானிக் அன்ஹைட்ரேஸ்ங்கிற என்சைம்தான், அத இந்த வகை மருந்து தடுத்தா தளர்றது லேட்டாகும், எலி தசை நார்ல அப்படித்தான் பாத்திருக்காங்க. இதுல கூத்து என்னன்னா, திடீர் திடீர்னு தசை செயலிழந்து போற பீரியாடிக் பாராலிசிஸுக்கும் இதே மாத்திரையத்தான் குடுக்கறாங்க! அஞ்சுக்கு மூணரை ஸ்டார். சல்ஃபா வகை மருந்து அலர்ஜி, கிட்னி கல் இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.