பேப்பர் மாதிரியே ஒரு பக்கம், 33,600 ரூபாய் போச்சு

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். மொத்தம் 33,600 ரூபாய். மகளின் இரண்டாம் பருவக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி, படுத்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு சமூக வலைத்தளத்தில் விளம்பரம் வந்தது. தொட்டேன். திறந்தது நான் தினமும் காலையில் டீயோடு படிக்கிற பேப்பரின் பக்கம். அதே எழுத்து, அதே சின்னம், மேலே அன்றைய தேதி, ஓரத்தில் வானிலைகூட இருந்தது. மத்திய நிதியமைச்சரின் பேட்டி. அரசே நடத்தும் முதலீட்டுத் திட்டம், 21,000 ரூபாய் போட்டால் போதும் என்று அவர் முகத்தோடு, அவர் குரலிலேயே வீடியோ. கீழே ‘எனக்கு வந்துவிட்டது’ என்று வரிசையாகக் கருத்துகள். சேலத்துக்காரர் ஒருவர் ரசீதுப் படமே போட்டிருந்தார்.

வெட்கக்கேடு என்னவென்றால், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புரளி பிடிக்கிற ஆளே நான்தான். 2016இல் புது 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, புதைத்து வைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று சித்தப்பா அனுப்பியபோது சண்டையே போட்டேன். 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வதந்தியால், போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த வயதான அம்மாவை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றார்களே, அதற்கப்புறம் ஃபார்வர்டு எதையும் நம்பியதில்லை. ஆனால் இது ஃபார்வர்டு இல்லையே, பேப்பரில் வந்ததாயிற்றே என்று நினைத்தேன். அங்கேதான் விழுந்தேன்.

பெயரும் எண்ணும் கொடுத்த மறுநாள் காலையே ஒரு பெண் கூப்பிட்டார். “சார், பயப்படாதீங்க, நானே கூட இருந்து செஞ்சு தர்றேன்” என்றார். குரலில் அவ்வளவு பொறுமை. யுபிஐயில் யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டேன். “அது எங்க அக்கவுண்ட்ஸ் ஹெட் சார்” என்றார். சரி என்று பின் நம்பரைப் போட்டேன். மூன்று நாளில் திரையில் 21,000 என்பது 58,000 ஆகியிருந்தது. எடுக்கப் போனால் வரி 12,600 முதலில் கட்ட வேண்டுமாம். அதையும் கட்டினேன். அப்புறம் ‘சர்வர் வேலை நடக்கிறது’. அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப்.

வங்கிக்கு ஓடினால், “நீங்களேதானே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க என்ன பண்றது?” என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்கள். விளம்பரத்தைப் பற்றி அந்தச் சமூக வலைத்தளத்திடம் புகார் கொடுத்தால், அது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு திருடனுக்குக் கடை போட இடம் கொடுப்பதற்கு என்ன விதியோ! சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930இல் புகாரைப் பதிந்து, புகார் எண் கொடுத்தார்கள். ஆனால் முதல் பணம் போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

இப்போதுதான் அந்தப் பக்கத்தை உட்கார்ந்து பார்த்தேன். முகவரியில் பேப்பர் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ஏதோ வாலும் இருக்கிறது. விளையாட்டைத் தொட்டாலும் வானிலையைத் தொட்டாலும் அதே விண்ணப்பப் படிவம்தான் திறக்கிறது. நிதியமைச்சர் பேசுவதுபோன்ற இந்த மாதிரி வீடியோக்கள் போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. 33,600 போன பிறகு தேடிப் படித்து என்ன பிரயோஜனம்?

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது மனசில்லை. முகவரியைப் பாருங்கள். முதலீடு என்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் பதிவு இருக்கிறதா என்று செபியின் தளத்திலேயே பாருங்கள். பணம் எடுக்கப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930, என்னைப் போல வெட்கப்பட்டு நாள் கடத்த வேண்டாம்.

இன்று காலை அதே விளம்பரம் மறுபடி வந்தது. இந்தத் தடவை அமைச்சர் இல்லை, ஒரு கிரிக்கெட் வீரர். கீழே சித்தப்பா லைக் போட்டிருக்கிறார். அவருக்குத்தான் இப்போது போன் அடிக்கப் போகிறேன்.