நீலமா, பழுப்பா? இரண்டு இன்ஹேலர்கள் செல்லுக்குச் செய்தி சொல்லும் விதம்

சிங்கப்பூரில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு இன்ஹேலர்கள் இருக்கும். நீல நிறத்தது பள்ளிப் பை, அம்மாவின் கைப்பை, கட்டில் ஓரம் என்று எங்கேயும் கூடவே வரும். பழுப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் உள்ள மற்றது அலமாரியில் கிடக்கும். "நீலம் அடிச்சா உடனே கேக்குது, இது அடிச்சா ஒண்ணுமே தெரியலையே" என்பார்கள். ஏன் தெரியவில்லை என்பதற்கு விடை செல்லுக்குள் இருக்கிறது.

நீலத்தில் இருப்பது சல்பூட்டமால். 1969இல் விற்பனைக்கு வந்த இந்த மருந்து, நம் உடலில் சுரக்கும் அட்ரினலினின் வேலையைச் செய்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைச் செல்களின் சவ்வில், அதை ஏழு முறை ஊடுருவியபடி மடிந்திருக்கும் ஒரு புரதம் உண்டு. அதுதான் பீட்டா-2 ஏற்பி. மருந்து செல்லுக்குள் போக வேண்டியதில்லை. வெளியிலிருந்தே ஏற்பியில் பொருந்தினால் போதும். ஏற்பியின் வடிவம் சற்றே மாறும், உள்பக்கம் உள்ள ஜி-புரதம் விழித்துக்கொள்ளும். அது தூண்டிவிடும் நொதி, சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறை ஏராளமாக உருவாக்கும். வெளியே வந்து சேர்ந்தது ஒரே ஒரு மூலக்கூறு. உள்ளே பரவுவதோ பல மடங்கு. கால்சியம் குறைகிறது, தசை தளர்கிறது, சில நிமிடங்களில் மூச்சு வருகிறது. சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டறிந்த சதர்லாண்டுக்கு 1971இலும், இவ்வகை ஏற்பிகளை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012இலும் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு முறை நீலம் அடித்த பிள்ளையின் விரல்கள் லேசாக நடுங்குவதைக் கவனித்திருப்பீர்கள். கைத்தசைகளிலும் அதே பீட்டா-2 ஏற்பி இருக்கிறது, அங்கேயும் செய்தி போய்ச் சேர்கிறது. அவ்வளவுதான்.

பழுப்பில் இருப்பது ஸ்டீராய்டு: பெக்லோமெத்தசோன் அல்லது அதன் உறவுகளில் ஒன்று. உடலின் சொந்தக் கார்டிசோலைப் போல இதுவும் கொழுப்பில் கரையும். அதனால் சவ்வைத் தாண்டி நேராகச் செல்லுக்குள் போய்விடும். இதற்கான ஏற்பி உள்ளேதான் காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களை அடக்குகின்றன, அதைத் தணிப்பவற்றை முடுக்குகின்றன. புதிய புரதம் உருவாக மணிக்கணக்கில் ஆகும். வீங்கிய மூச்சுக்குழாய்ச் சுவர் ஆற நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அடித்த உடனே ஒன்றும் தெரியாததன் காரணம் இதுதான். மருந்து வேலை செய்யாமல் இல்லை.

வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நீலம்தான் ஜெயிக்கும். ஆனால் நீலம் தசையைத் தளர்த்துமே தவிர, அழற்சியைத் தொடாது. நம் ஊரின் ஈரப்பதத்தில் தூசிப்பூச்சிகள் மெத்தைக்குள் ஆண்டு முழுவதும் செழிக்கின்றன. புகைமூட்டம் வேறு, 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும். மூச்சுக்குழாய்ச் சுவர் எரிந்துகொண்டே இருக்க, தசையை மட்டும் மணிக்கு மணி தளர்த்திக்கொண்டிருந்தால் எப்படி?

இன்னொரு சங்கதி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒரே செய்தி விடாமல் வந்துகொண்டிருந்தால் செல் காதைப் பொத்திக்கொள்ளும். பீட்டா-2 ஏற்பியில் பாஸ்பேட் ஒட்டப்படும், அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஜி-புரதத்தைத் தடுக்கும், ஏற்பியே சவ்விலிருந்து உள்ளே இழுக்கப்படும். நீலத்தை அடிக்கடி அடிப்பவரின் செல்களில் அதைக் கேட்கும் ஏற்பிகள் குறைந்துபோகலாம். ஸ்டீராய்டோ அந்த ஏற்பியை உருவாக்கும் மரபணுவைத் தூண்டிவிடுகிறது. அதாவது நீலம் நன்றாக வேலை செய்யவும் பழுப்பு உதவுகிறது. உடலிலும் இந்த இரண்டு செய்திகளும் அக்கம்பக்கத்தில்தான் பிறக்கின்றன: சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் நடுப்பகுதியிலிருந்து அட்ரினலின், புறப்பகுதியிலிருந்து கார்டிசோல்.

சரி, ஸ்டீராய்டு பயம்? பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால் அளவைப் பாருங்கள்: மாத்திரை மில்லிகிராமில், இன்ஹேலர் மைக்ரோகிராமில். வாய்ப்புண்ணும் குரல் கம்முவதும் வரலாம். ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) வைத்து இழுத்து, பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் பெருமளவு தவிர்க்கலாம். சிறுவயதிலிருந்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவர்களின் உயரம் சுமார் 1 செ.மீ. குறையக்கூடும் என்பதும் தெரிந்ததே. கட்டுப்பாடில்லாத ஆஸ்துமாவோடு ஒப்பிட்டால் அது சின்ன விலை என்பது என் கருத்து.

மூன்றாவது வழியும் உண்டு: பீட்டா-2 ஏற்பியில் பொருந்தும் ஃபார்மோட்டரால், ஸ்டீராய்டான புடெசனைடு இரண்டும் ஒரே இன்ஹேலரில். சவ்வுக்கும் உட்கருவுக்கும் ஒரே இழுப்பில் செய்தி. ஃபார்மோட்டரால் சில நிமிடங்களில் தொடங்கி சுமார் 12 மணி நேரம் நிற்கும். பெரியவர்களும் பதின்ம வயதினரும் நீலத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019இல் சொன்னது. பெரியவர்களுக்கு நான் முதலில் வைப்பது இந்தக் கூட்டு இன்ஹேலரைத்தான். சிறு பிள்ளைகளுக்கு வயதைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்; கையில் இருக்கும் நீலத்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகுமுன், வாரத்தில் எத்தனை முறை நீலம் தேவைப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மேல் போனால், மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.