வாடகை வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர்: அந்தப் பழுப்புத் தண்ணீர் டெமோவை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம். கைக்குழந்தை உள்ள வீடு. கிச்சன் மேடை மேலேயே வைத்துக்கொள்ளலாம், சுவரைத் தொடவே வேண்டாம் என்று சொல்லி 14,500 ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்த உப்பை எடுக்கும் ஒரு ஆர்.ஓ. மிஷினை விற்றிருக்கிறார்கள். மாட்ட வந்தவர் கொண்டு வந்ததோ சுவரில் தொங்கவிடும் மாடல். "இது இப்படித்தாம்மா வரும்" என்று ட்ரில் போட்டதில் டைல்ஸ் ஒன்று விரிந்துவிட்டது. எட்டு மாதத்தில் தண்ணீர் உப்புக் கரித்தது. சர்வீஸுக்கு வந்தவர், உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பரேன் போய்விட்டதாகச் சொல்லி 3,800 ரூபாய் வாங்கினார். அதற்குப் பிறகும் கரிப்பு போகவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்ததில் வெளிவந்த விஷயங்கள்தான் இந்தப் பதிவு. வாடகை வீட்டுக்கு ஃபில்டர் தேடுபவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முதலில், ஃபில்டர் விற்க வருபவர் காட்டும் அந்த டெமோ. இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டு வந்த ஆர்.ஓ. தண்ணீர். நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் இறக்கி கரண்ட் கொடுப்பார். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பாகி, மேலே அழுக்கு நுரை கட்டும். அவருடையது தெளிவாகவே நிற்கும். "இதைத்தாம்மா குழந்தைக்குக் குடுக்கறீங்க" என்பார். அந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் பர்ஸைத் திறக்கிறார்கள்.

அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்தது இல்லை. கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாக வெளியே வரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. சோதித்துப் பார்ப்பது சுலபம். அவருடைய தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். உப்பைக் கையில் எடுத்ததுமே பல பேர் பெட்டியை மூடிவிடுவார்கள்.

இன்னொரு வித்தை சொட்டு மருந்து. குழாய்த் தண்ணீரில் நாலு சொட்டு விட்டதும் மஞ்சளாகும், "விஷம்" என்பார். அது குளோரின் இருப்பதைக் காட்டும் திரவம். சென்னைக் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரில் கிருமி வளராமல் இருக்கத்தான் குளோரின் சேர்க்கிறார்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தியத் தர அளவே. மஞ்சள் தெரிந்தால் நல்ல செய்தி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, டி.டி.எஸ். மீட்டர். இது ஏமாற்றுக் கருவி இல்லை, ஒவ்வொரு வாடகை வீட்டிலும் இருக்க வேண்டியது. சில நூறு ரூபாய்தான். ஆனால் அது கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவை, மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து உத்தேசமாகச் சொல்லும், அவ்வளவே. பாக்டீரியா, பூச்சிமருந்து இதெல்லாம் அதற்குத் தெரியாது. எண் பெரிதாக இருப்பதைக் காட்டி "கிருமி" என்று ஒருவர் பேசினால், அவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது தெரிந்தே பொய் சொல்கிறார்.

இனி மடிப்பாக்கம் மிஷினுக்கு வருவோம். மீட்டரில் குழாய்த் தண்ணீர் 1,150 (லிட்டருக்கு மில்லிகிராம், இனி வரும் டி.டி.எஸ். எண்கள் எல்லாம் இதே கணக்கு). ஃபில்டரில் இருந்து வந்தது 410. ஒழுங்கான மெம்பரேன் உப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்து வைக்கும், ஆகவே வெளியே வருவது 100-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். மெம்பரேனில் இருந்து வரும் மெல்லிய டியூபைத் தனியாகக் கழற்றிப் பிடித்தால் 70. ஆக, கெட்டுப்போனதாகச் சொல்லிப் பணம் வாங்கப்பட்ட பாகம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. கோளாறு டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்ற சின்னத் திருகில். மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து ருசி சேர்ப்பதற்காக வைத்திருப்பது அது. 70-ம் 1,150-ம் கலந்து 410 வருகிறது என்றால், டம்ளரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மெம்பரேனையே பார்க்காத தண்ணீர். அதே திருகை மூடியதும் கரிப்பு நின்றது. ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலைக்கு 3,800 ரூபாய்.

பழைய மெம்பரேனையே கழுவி மாட்டிவிட்டுப் புதியது என்று சொல்வதும் நடக்கிறது. அதனால் சர்வீஸ்காரர் வருவதற்கு முன்பே மெம்பரேன் லேபிளில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். புதிய பாகத்தின் சீலை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழையதை அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். எந்தப் பாகத்தை மாற்றினாலும் அதற்கு முன்பும் பின்பும் உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டின் எண்ணையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். புது மெம்பரேன் போட்டால் முதல் டேங்க் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதில் இருந்து அளக்க வேண்டும்.

"எங்க மிஷின்ல தண்ணி வேஸ்டே ஆகாது" என்று சொல்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. மெம்பரேன் பிடித்த உப்போடு தண்ணீர் வெளியேறும் கழிவு டியூபில் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் என்று விரல் நீளத்துக்கு ஒரு துண்டு இருக்கும், 300 அல்லது 450 என்று எண் போட்டிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் கழிவு வெளியேறலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 75 ஜி.பி.டி. (நாளைக்கு 75 காலன்) மெம்பரேன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லி நல்ல தண்ணீர் தரும், கழிவு அதைவிடக் கூடுதலாகப் போகும். கழிவைக் குறைத்துக் காட்டச் சின்ன ரெஸ்ட்ரிக்டரை மாட்டினால், நம் போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மெம்பரேன் மேலேயே படிந்து, ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியது மாதக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். பிறகு புது மெம்பரேன் விற்பனை. நீங்களே அளக்கலாம்: இரண்டு டியூபையும் தனித்தனி ஜாடியில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், அந்த எண்ணை எழுதி வையுங்கள். பின்னால் கோளாறு வரும்போது ஒப்பிட உதவும். கழிவுத் தண்ணீரை பாத்ரூம் கழுவ, வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம். உப்பு அதிகமான போர் தண்ணீரின் கழிவைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கு விஷயத்திலும் முன்பக்கம் எரியும் லைட்டை நம்ப வேண்டாம். பல மிஷின்களில் அது கரண்ட் வருவதை மட்டுமே காட்டுகிறது, உள்ளே விளக்கு எரிகிறதா என்று அதற்குத் தெரியாது. மூடியைத் திறந்து, ஸ்டீல் குழலின் முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடி வழியாக நீல வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். விளக்கையே வெளியே எடுத்து எரியவிட்டுப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கேடு.

எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு, மிஷினைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். சென்னையில் ஒரே குழாயில் மூன்று தண்ணீர் வருகிறது. தரைக்கடியில் உள்ள சம்புத் தொட்டியில் மெட்ரோ தண்ணீர் விழுந்த அன்று ஒரு எண், லாரி ஊற்றிய மறுநாள் ஒரு எண், கோடையில் போர் மட்டும் ஓடும்போது வேறொரு எண். மெட்ரோ தண்ணீரிலேயே புழல், செம்பரம்பாக்கம் ஏரி, வீராணம், மீஞ்சூர், நெம்மேலியின் கடல்நீர் ஆலைகள் என்று ஏரியாவுக்கு ஏற்ப மாறும். ஆகவே விற்பனையாளர் வந்த அன்றைக்கு வந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம், வெவ்வேறு நேரத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடி பம்பு, அல்லது கீழே மெட்ரோவுக்கென்று தனிக் குழாய் இருந்தால் அதையும் அளந்து பாருங்கள். பல வீடுகளில் மேல்தொட்டித் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டும், கீழ்க்குழாயில் மெட்ரோ தண்ணீர் அதில் பாதிகூட இருக்காது. குடிக்க மட்டும் அங்கிருந்து இரண்டு குடம் பிடிக்க முடிந்தால் ஆர்.ஓ. தேவையே இல்லை.

எப்போது அளந்தாலும் 500-க்குள் இருந்தால், கிருமியை வடிகட்டும், கரண்ட் வேண்டாத யு.எஃப். ஃபில்டர் போதும். மேலே ஊற்றினால் கீழ்த்தொட்டியில் இறங்கும் வகை. நம் தர விதி ஐ.எஸ். 10500-ல் ஏற்கத்தக்க அளவு 500, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. போடுவதைத் தடை செய்ய விதி கொண்டுவரச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டது. 600, 700 என்று வந்தாலும் பயந்து ஓட வேண்டியதில்லை, ருசி பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆயிரத்தைத் தாண்டியே நிற்கிறது என்றால் ஆர்.ஓ. வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

யு.எஃப். ஃபில்டர் உப்பைக் குறைக்காது, குறைக்கும் என்று சொல்லி விற்றால் பொய். அதன் கார்ட்ரிட்ஜ் ஆயுளை மாதத்தில் கேட்காதீர்கள், லிட்டரில் கேளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் தினம் 14 லிட்டர் என்றால் 3,000 லிட்டர் கார்ட்ரிட்ஜ் ஏழு மாதம் வரும். அடுத்த கார்ட்ரிட்ஜ் விலையையும் அது கடையில் கிடைக்கிறதா என்பதையும் ஃபில்டர் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். உள்ளே உள்ள கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால், இறங்கிய தண்ணீரை நாள்கணக்கில் தேக்கி வைக்கக் கூடாது. கீழ்த்தொட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

ஆர்.ஓ.தான் என்றால் வாடகை வீட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, நாமே தண்ணீர் ஊற்றி ப்ளக்கில் செருகும் மேடை மாடல். இதில் பலவற்றில் கழிவு நீர் ஊற்றிய தொட்டிக்கே திரும்பி வரும். மிச்சத்தைக் கொட்டாமல் மேலேயே மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் காலி செய்துவிட்டு ஊற்ற வேண்டும், இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. இரண்டாவது வழி, சாதாரண சுவர் மாடலையே இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துவது. குழாயில் தண்ணீரை மிஷினுக்குப் பிரித்துவிடும் அரை அங்குல டைவர்ட்டர் வால்வும் டெஃப்லான் டேப்பும் போதும், ட்ரில் வேண்டாம். மரை இல்லாத பழைய குழாயில் ரப்பர் கிளாம்ப் போட்டுச் சமாளிக்க விடாதீர்கள், அழுத்தத்தில் பிடுங்கிக்கொள்ளும். கழற்றிய ஒரிஜினல் பாகங்களை ஒரு கவரில் போட்டு வையுங்கள், காலி செய்யும்போது ஹவுஸ் ஓனர் கேட்பார். மேல் மாடியில் இருந்தால் தொட்டி உயரம் முக்கியம்: பத்து மீட்டருக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம். தொட்டிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் அது கால் கிலோகூடத் தேறாது, பூஸ்டர் பம்ப் இல்லாத மாடல் அங்கே ஓடாது. ஊருக்குப் போகும்போது இன்லெட் வால்வை மூடிவிட்டுப் போங்கள். டியூப் கழன்றால் நனைவது கீழ்வீடு.

காப்பர், ஆல்கலைன் என்று கூடுதல் கார்ட்ரிட்ஜ்களுக்குக் காசு கொட்ட வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர் மூன்று வருட ஏ.எம்.சி.க்கு (பராமரிப்பு ஒப்பந்தம்) மொத்தமாகப் பணம் கட்டவும் வேண்டாம். ஏரியா மாறினால் அங்கே சர்வீஸ் உண்டா, மெம்பரேனும் பம்பும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் கட்டினால் அந்தப் பணம் போனது போனதுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே உள்ள லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் தட்டிப் பாருங்கள், யாருடைய லைசென்ஸ் என்று காட்டும். கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி முதலில் வருவதைக் கூப்பிடாதீர்கள், போலி எண்கள் ஏராளம். மிஷின் கூட வந்த புத்தகத்தில் உள்ள எண்தான் எண். போனில் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ, பத்து ரூபாய் அனுப்பிப் பதிவு செய்யச் சொன்னாலோ இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சேர்க்க வேண்டியது: மிஷின் சீரியல் எண் உள்ள பில், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் ஒரே வீடியோவில் மீட்டரோடு எடுத்த பதிவு, கழற்றிய பாகம், விரிந்த டைல்ஸின் படம். முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்து பதிவு எண் வாங்குங்கள். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மடிப்பாக்கம் குடும்பத்திடம் சீரியல் எண் போட்ட பில் இல்லை, வாரண்டி அட்டையும் நிரப்பாமல் கிடந்தது. பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டையும் அந்த 410 காட்டும் வீடியோவையும் வைத்துத்தான் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறார்கள்.