படத்துக்குக் கருத்துச் சொல்லும் ஒரு முறை: ஏழு ஆண்டு பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

நாங்கள் ஆறு பேர். யாருக்கும் புகைப்படம் தொழில் கிடையாது. 2018-இல் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாதம் ஆளுக்கு ஒரு படம், எடிட் செய்த நிலையில். மற்ற ஐந்து பேரும் அதைப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். "சூப்பர்" என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடக் கூடாது. ஏழு ஆண்டில் நான் கருத்து எழுதிய படங்களே முந்நூறைத் தாண்டும். நடுவில் ஒருதடவை முறையை முழுசாக மாற்றினோம். அந்த மாற்றிய முறை இத்தனை நாள் ஓட்டத்தில் எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதல் வருஷம் முறை என்று ஒன்றுமே இல்லை. கண்ணில் பட்ட குறைகளை வரிசையாக எழுதுவேன். தொடுவானம் சாய்ந்திருக்கிறது, ஹைலைட் (வெளிச்சமான பகுதி) வெளுத்துவிட்டது, ஷேடோ (இருண்ட பகுதி) அடைத்துக் கிடக்கிறது, மர விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிகிறது. எல்லாம் உண்மையான குறைகள்தான். ஆனால் அடுத்த மாதப் படத்திலும் அதே குறைகள் வந்து நின்றன.

ஒரு தோழி தன் அப்பாவை எடுத்திருந்தார். சாயங்கால வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறார் அவர். விரல்களிலும் ஊசிமுனையிலும் மட்டும் ஒளி, முகம் இருட்டில். "முகம் தெரியவில்லை, ஷேடோ ஸ்லைடரை அறுபது வரை ஏற்றுங்கள்" என்று எழுதினேன். ஏற்றி, இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கி அனுப்பினார். முகம் தெரிந்தது. கூடவே பின்சுவர், அலமாரி, நாற்காலி முதுகு எல்லாம் தெரிந்தன. ஊசி காணாமல் போயிற்று. அதன்பின் மூன்று மாதம் அவர் படமே அனுப்பவில்லை. ஃபோன் செய்து கேட்டபோதுதான் சொன்னார்: "அப்பாவுக்கு முகம் போட்டோல விழறது பிடிக்காதுங்க. வெளிச்சம் முகத்தை விட்டு நகர்ற வரைக்கும் காத்திருந்துதான் எடுத்தேன்." இதை அவர் முன்னாலேயே சொல்வதற்கு நான் இடமே வைக்கவில்லை. ஏன் இப்படி எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமலே மருந்து எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தப் படத்தை அப்படிக் கெடுத்தது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

அதற்குப் பிறகு தேடியபோது கிடைத்தது, லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1990-இல் வகுத்த கருத்துரை முறை. இன்னும் முடியாமல் உருவாகிக்கொண்டிருக்கும் படைப்புகளுக்காக அவர் ஏற்படுத்தியது. நான்கு படி. பார்த்தவர்கள் தங்கள் மனதில் எது பதிந்தது என்று முதலில் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தனக்குச் சந்தேகம் உள்ள இடங்களைப் பற்றிக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக் கூடாது. அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் "இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா?" என்று சம்மதம் வாங்கிய பிறகு. 2019-இலிருந்து நாங்கள் இதைப் புகைப்படத்துக்கு ஏற்றபடி வளைத்துப் பயன்படுத்துகிறோம்.

முதல் படியை நான் செய்வது இப்படி. படத்தைத் திரை முழுக்க வைத்துப் பத்து விநாடி பார்ப்பேன். மூடிவிடுவேன். கண் முதலில் எங்கே போயிற்று, அடுத்து எங்கே, கடைசியில் எங்கே நின்றது என்று நினைவிலிருந்து எழுதுவேன். அவ்வளவுதான். நல்லது கெட்டது எதுவும் அதில் இருக்காது. ஏழு ஆண்டில் ஆறு பேருக்கும் அதிகம் உதவியது இந்த மூன்று நான்கு வரிகள்தான் என்று உறுதியாகச் சொல்வேன். எடுத்தவருக்கு அந்த இடம் தெரியும், அங்கே நின்ற நேரம் தெரியும், யாரைப் பார்த்து எடுத்தோம் என்று தெரியும். ஆகவே அவர் கண் நேராக அங்கே போய்விடும். புதிதாகப் பார்ப்பவருக்கு அந்த ஞாபகம் எதுவும் இல்லை. அவர் கண் வெளிச்சமான இடத்துக்கும், கறுப்பும் வெள்ளையும் மோதும் விளிம்புக்கும், முகத்துக்கும், எழுத்துக்கும்தான் போகும். ஒருவர் தன் மகளைப் பின்வெளிச்சத்தில் அழகாக எடுத்திருந்தார். "முதலில் வலது ஓரத்து வெள்ளை வாளி, பிறகு தலைமுடியின் ஒளி, பிறகு முகம்" என்று எழுதினேன். இரண்டு வாரம் உட்கார்ந்து அந்தப் படத்தை எடிட் செய்திருக்கிறார், வாளி ஒரு நாள்கூட அவர் கண்ணில் படவில்லை. நீக்குங்கள் என்று நான் சொல்லத் தேவையே வரவில்லை.

கேள்வி கேட்கும் படிதான் பழகுவதற்குக் கடினம். "ஏன் இவ்வளவு நீலமா இருக்கு?" என்பது கேள்வி போலத் தோன்றும், உள்ளே குற்றச்சாட்டுத்தான். "நிறத்தை எந்த நேரத்துல, எந்தத் திரையில சரி பண்ணீங்க?" என்பது கேள்வி. எங்களில் ஒருவருடைய படங்கள் எல்லாமே நீலம் பூத்து வரும். ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது பற்றி அவருக்கு எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். கேள்வியை இப்படி மாற்றிக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஃபோனில் எடிட் செய்கிறார், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் இரவு நிலை ஓடிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் திரையில் சரியாகத் தெரியும்வரை நீலத்தை ஏற்றியிருக்கிறார். ஒயிட் பேலன்ஸ் அவருக்கு முன்னமே நன்றாகத் தெரியும். நாங்கள் ஒரு வருஷமாகத் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பாடம் நடத்தியிருக்கிறோம்.

இன்னொருவர் கதை இதைவிட ஆழமானது. அவர் படங்களில் புல்லும் இலையும் கண்ணைக் குத்தும் பச்சை. "சாச்சுரேஷனைக் குறைங்க" என்று, நிறச் செறிவை இறக்கச் சொல்லி எல்லோரும் எழுதுவோம். குறைப்பார், அடுத்த மாதம் திரும்ப ஏறிவிடும். ரசனை அப்படி என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள், "இந்தப் படத்தில் உங்களுக்கு எந்த இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பிரித்துப் பார்க்கச் சிரமமாக இருக்கிறது?" என்று கேட்டேன். தயங்கிவிட்டு, காய்ந்த இலையும் பச்சை இலையும் ஒன்றாகவே தெரிகிறது என்றார். அவருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களைவிட ஆண்களிடம் இது பல மடங்கு அதிகம். இப்போது அவர் பச்சையைக் கண்ணால் அளப்பதை விட்டுவிட்டு எண்ணால் அளக்கிறார். எடிட்டிங் மென்பொருளில் சுட்டியைப் புல்லின் மேல் வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் மதிப்பு காட்டும். வெயில் பட்ட புல்லில் பச்சைக்குக் கொஞ்சம் கீழேயே சிவப்பும் நிற்கும். சிவப்பு மிகவும் இறங்கியிருந்தால் பச்சை செயற்கையாகிவிட்டது என்று அர்த்தம். சாம்பல் சுவரில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக வர வேண்டும். அவருடைய நிறங்களை இப்போது நாங்கள் நம்பிப் பார்க்கிறோம். அவருக்குத் தேவைப்பட்டது இந்த எண்கள். நாங்கள் மூன்று வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது ரசனைப் பாடம்.

எடிட்டிங் பற்றி மட்டும் தனியாகச் சில விஷயம் சொல்ல வேண்டும். எடுத்த தருணம் போனால் போனதுதான், எடிட்டிங்கை எப்போது வேண்டுமானாலும் திரும்பத் திறக்கலாம். ஆகவே எடுத்த விதத்தைப் பற்றிச் சொல்வதை "அடுத்த தடவை" என்று ஆரம்பிக்கிறேன், எடிட்டிங்கைப் பற்றிச் சொல்வதை "இப்போதே" என்று ஆரம்பிக்கிறேன். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் படிப்பவர் மனம் சோர்ந்துவிடுகிறது.

எடிட் செய்யாத மூலக் கோப்பையும் கேட்டு வாங்குவது அவசியம். செய்திச் செயலி வழியாக வந்த படத்தைப் பார்த்து, "நாய்ஸ் ரிடக்‌ஷன் அதிகம், தோல் மெழுகு மாதிரி இருக்கு" என்று ஒருவருக்கு எழுதிவிட்டேன். அசல் கோப்பில் தோலின் நுண்துளைவரை தெளிவாக இருந்தது. செயலி சுருக்கி அனுப்பியதில் போன விவரத்துக்கு அவரைக் குறை சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்கிறோம், முடிந்தால் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பாக. வழக்கமான ஜேபெக் படக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. வானத்தில் பட்டை பட்டையாக நிறம் பிரிந்திருந்தால், தப்பு எடிட்டிங்கிலா அல்லது ஆரம்பித்த கோப்பிலேயே இடம் இல்லையா என்று பார்க்காமல் பேசக் கூடாது.

"கொஞ்சம் டல்", "கொஞ்சம் ஓவர்" என்ற சொற்களையும் கைவிட்டோம். என் கொஞ்சமும் உங்கள் கொஞ்சமும் ஒன்றல்ல. 1940-ஐ ஒட்டி ஆன்செல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் வகுத்த மண்டல முறையில், முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளைவரை 0 முதல் 10 எனப் பதினொரு படிகள். ஃபிலிம் காலத்துக்காக வகுத்ததானாலும் பேசுவதற்கு இன்றும் அருமையான மொழி. "புடவை மடிப்பு ஒன்றில் இருக்கிறது, நெசவு தெரிய வேண்டுமானால் மூன்றுக்கு வர வேண்டும், தெரிய வேண்டுமா?" என்று கேட்டால் இருவருக்கும் ஒரே விஷயம் புரிகிறது.

எல்லோருக்கும் நான் சிபாரிசு செய்யும் ஒரே பழக்கம், மூன்று பிரதி. எடிட் செய்யாதது, முழு எடிட், அந்த எடிட்டைப் பாதியாகக் குறைத்தது. மூன்றையும் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட வேண்டும், காலையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண் தன் முன்னால் இருக்கும் நிறத்துக்கும் கான்ட்ராஸ்ட்டுக்கும் நிமிடங்களில் பழகிவிடும், பழகியதும் இன்னும் கொஞ்சம் வேண்டும் போல இருக்கும். அரைமணி நேரம் ஸ்லைடரோடு உட்கார்ந்தவருக்குத் தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று தெரியவே தெரியாது. எங்கள் ஆறு பேரும் பெரும்பாலும் காலையில் பாதி எடிட்டையே எடுக்கிறோம். கிளாரிட்டி (விளிம்புகளைத் தூக்கிக் காட்டுவது), டீஹேஸ் (மூட்டத்தை நீக்குவது) இரண்டும் கூடிப்போன படங்களுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை. சிவப்புப் பூக்களுக்கு மட்டும் இது போதாது. படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் வரைபடம் சரியாகவே இருக்கும், சிவப்பு மட்டும் உச்ச மதிப்பான 255-இல் முட்டி இதழின் வரிகள் அழிந்திருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும்.

முயன்று பார்த்துக் கைவிட்டவையும் உண்டு. பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டோம், நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. பாராட்டு, குறை, பாராட்டு என்று அடுக்கினோம். எல்லோரும் "ஆனால்" எங்கே வருகிறது என்று தேடிப் படிக்கப் பழகிவிட்டார்கள். பெரிய தவறு, அவர்கள் படத்தை நானே எடிட் செய்து அனுப்பியது. இரண்டு வருஷம் செய்தேன். உதவி என்றே நம்பினேன். கடைசியில் ஆறு பேர் படமும் என் படம் போலவே இருந்தன, அதே மங்கிய கறுப்பு, அதே செம்மஞ்சள். ஒரு நண்பர், "நீங்க எப்படி மாத்துவீங்கன்னு யோசிச்சுக்கிட்டேதான் இப்பல்லாம் எடுக்கறேன்" என்றார். அன்றோடு நிறுத்தினேன். இப்போது கேட்டால் மட்டும், படத்தின் ஒரு மூலையில் மட்டும், எந்த இடத்தை மாஸ்க் செய்வேன், அதாவது தனியே பிரித்து எடிட் செய்வேன் என்று கோடு போட்டுக் காட்டுகிறேன்.

இந்த முறையின் குறை, நேரம். ஒரு படத்துக்கு இருபது நிமிடத்துக்குக் குறைந்து எனக்கு முடிவதில்லை. எல்லாவற்றுக்கும் இது பொருந்தவும் செய்யாது. கை ஆடி மங்கிய படத்துக்கு நான்கு படி தேவையில்லை, "ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது, 200 மி.மீ. லென்ஸ் என்றால் 1/200-க்குக் கீழே போகாதீர்கள்" என்று நேராகச் சொல்லிவிடலாம். சூரியன் உச்சியில் நிற்கும் நிழலோடு மாலை வானத்தை ஒட்டிய படத்துக்கும் அப்படியே: நிழல் ஒருபக்கம், வெளிச்சம் ஒருபக்கம் என்று காட்டினால் போதும். இன்னொன்று, படம் அனுப்பும் எல்லோரும் கருத்தைத் தேடி அனுப்புவதில்லை. பேரன் பிறந்த சந்தோஷத்தில் அனுப்பிய படத்துக்கு ஃபோகஸ் பற்றி ஒருமுறை எழுதியிருக்கிறேன், அதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். "கருத்து வேணுமா, சும்மா காட்ட அனுப்பினீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது ஆரம்பிப்பது.

என் திரையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு வருஷம் மானிட்டரை முழுப் பிரகாசத்தில் வைத்திருந்தேன். எல்லோர் படமும் எனக்கு வெளிச்சம் கூடியதாகவே தெரியும், குறைக்கச் சொல்வேன். என் படத்தையே பிரிண்ட் போட்டபோது இருண்டு வந்தது, அப்போதுதான் சந்தேகம் தட்டியது. திரையின் நிறத்தையும் பிரகாசத்தையும் அளக்கும் நிற அளவி வைத்து 100 நிட் (பிரகாசத்தின் அலகு) அளவுக்கு இறக்கினேன். பழைய கருத்துகளை எடுத்து, எதெல்லாம் என் திரையின் தவறு என்று ஐந்து பேருக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பினேன். அந்த வேலைக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இந்த ஆண்டு இரண்டு மாற்றம் செய்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு படத்தையாவது எல்லோரும் காகிதத்தில் பார்த்துக் கருத்து எழுதுவது. என் முறை வரும்போது எடிட் செய்யாத படத்தை முதலில் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் கண் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு அதற்குப் பிறகு எடிட்டிங்கைத் தொடுவது. இதைக் கேட்டது ஊசி கோக்கும் படம் எடுத்த அந்தத் தோழிதான். போன வாரம் என் முதல் படத்தை அனுப்பினேன். அவருடைய மூன்று வரி வந்திருக்கிறது, இன்னும் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமைத் திறக்கவில்லை.