இ-கோர்ட்ஸ் ஆப்: தேதி வரும், தாள் வராது

ப்ளே ஸ்டோரில் இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப்புக்குக் கீழே நான் படித்த கருத்துகளில் பாதிக்கு மேல் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் எழுதியவை. கொலையானவர் வீட்டு ஆள் எழுதியதாக ஒன்றும் இருக்கட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். என் தம்பி கொலை வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில் இருக்கிறது. சாட்சி விசாரணை இன்னும் ஆரம்பிக்கவில்லை. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். கோர்ட்டுக்கு அடுத்த தெருவில்தான் கடை. எத்தனையோ பேருடைய சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) என் மெஷினில் ஓடியிருக்கிறது. எங்கள் வீட்டு சார்ஜ் ஷீட்டைக் கண்ணால் பார்க்கத்தான் பாடாய்ப் பட்டுவிட்டேன்.

முதலில் ஆப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டிக்காக என்.ஐ.சி. (மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம்) செய்து கொடுத்தது. காசு கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும், 16 எழுத்து கொண்ட சி.என்.ஆர். எண் கையில் இருந்தால் நேராக வழக்கு வந்து நிற்கும். இல்லையென்றால் மாவட்டம், கோர்ட் வளாகம், ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். எண், வருடம் போட்டுத் தேடலாம். ஒருமுறை சேமித்து வைத்துவிட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே தெரியும். வாய்தா தேதிக்காக யார் மேஜைக்கு முன்னாலும் நிற்க வேண்டாம். அந்த ஒன்றுக்கே மூன்று ஸ்டார் கொடுக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கொலை வழக்கு முதலில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.ஆர்.சி. என்ற ஆரம்பகட்டப் பதிவு எண்ணில் இருக்கும். அங்கிருந்து செஷன்ஸுக்கு கமிட் ஆனதும், அதாவது அனுப்பப்பட்டதும், பழைய எண்ணில் வழக்கு முடிந்துவிட்டதாகக் காட்டும். என் போனில் அதைப் பார்த்துவிட்டு அம்மா, “விட்டுட்டாங்களாடி?” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆப் சொன்னது பொய்யில்லை. அந்தக் கோர்ட்டில் அந்த எண் முடிந்தது, அவ்வளவுதான். செஷன்ஸில் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) என்று புது எண் விழும், சி.என்.ஆரும் மாறும். செஷன்ஸ் கோர்ட் வளாகத்தைத் தேர்ந்தெடுத்து அதே எஃப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

சரி, தாளுக்கு வருவோம். எஃப்.ஐ.ஆர். கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவச நகல் உண்டு. சார்ஜ் ஷீட் அப்படியில்லை. அதைப் பொதுவில் இணையத்தில் போட முடியாது என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சாட்சிகளின் பெயரும் முகவரியும், என் தம்பி கிடந்த படமும் ஊரார் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் எதற்கு விரும்பப் போகிறேன்? ஆனால் நாங்கள் ஊராரா?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 207-வது பிரிவின்படி எல்லாத் தாளும் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, இலவசம். செத்தவன் வீட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 230-வது பிரிவு, எதிரி ஆஜரான 14 நாளுக்குள் போலீஸ் அறிக்கை, எஃப்.ஐ.ஆர்., சாட்சிகளின் வாக்குமூலம், மற்ற ஆவணங்கள் எல்லாவற்றையும் எதிரிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர் மூலம் ஆஜராகியிருந்தால்தான் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. நான் முட்டிக்கொண்டது அங்கேதான்.

வக்கீல் வைக்காமல் நானே போய்க் கேட்டேன். எந்தக் கோர்ட் என்று எழுதப்போவதில்லை. நகல் பிரிவில் இருந்தவர் மனுவைத் திருப்பிக் கொடுத்து, “நீங்க மூன்றாம் நபர்மா, அஃபிடவிட்டோட தனி மனு போட்டு ஆர்டர் வாங்கிட்டு வாங்க” என்றார். மூன்றாம் நபர்! பிரேதத்தை அடையாளம் காட்டிப் போட்ட கையெழுத்து என்னுடையது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 193-வது பிரிவு சொல்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு தகவலும் வந்ததில்லை. கேட்டால் “ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) பந்தோபஸ்துக்குப் போயிருக்கார்” என்பார்கள்.

கடைக்கு வழக்கமாக வரும் குமாஸ்தா அண்ணன்தான் வழி சொன்னார். “வெளியே எதுக்கு வக்கீல் தேடுறே? நேரா சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போ.” சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. கேட்டால் இலவசமாக வக்கீல் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் சட்டப்படி வாரிசு அம்மாதான், வக்காலத்தும் அம்மா பெயரில்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகல் மூன்றையும் கையோடு கொண்டு போய்விடுங்கள். எங்களுக்குக் கிடைத்தவர் வயதில் சின்னவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். இந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல் கொடுப்பேன்.

நகல் கட்டு வந்தது. தொழில்காரியாகச் சொல்கிறேன், பக்கம் 2 ரூபாய்க்கு என் கடையில் இப்படி எடுத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் முகத்தில் எறிந்துவிட்டுப் போவார். சம்பவ இடத்துப் போட்டோக்கள் எல்லாம் கறுப்புக் கட்டம். ஓரத்தில் வெட்டுப்பட்ட வரிகள். நகலுக்கு நகல், அதற்கு ஒரு நகல் என்று எடுத்தால் வேறு எப்படி வரும்? தடயவியல் அறிக்கை கட்டில் இல்லை. கொலை வழக்கில் 90 நாளுக்குள் சார்ஜ் ஷீட் போகாவிட்டால் எதிரி ஜாமீன் கேட்க உரிமை வந்துவிடும். அதனால் இருப்பதைக் கட்டி அனுப்பிவிட்டு, மீதியைப் பின்னால் கூடுதல் அறிக்கையாகச் சேர்ப்பது வழக்கமாம்.

இத்தனை அலைச்சலும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரையும், அந்த இடத்தின் மாதிரி வரைபடத்தையும் பற்றிச் சொல்கிறேன். வரைபடத்தில் எங்கள் தெருவைக் கோடு கோடாகப் போட்டு, மாவு மில், வேப்பமரம், மின் கம்பம் எல்லாம் குறித்திருந்தார்கள். மகஜரில் அந்தக் கம்பத்தின் விளக்கு வெளிச்சத்தில் சம்பவ இடம் தெளிவாகத் தெரியும் என்று எழுதியிருந்தது. அந்த விளக்கு அப்போது எரியவே இல்லை. தெருவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், வார்டில் புகார்கூடக் கொடுத்திருந்தோம். வெளிச்சம் வந்தது மாவு மில் வாசலில் இருக்கும் ட்யூப் லைட்டிலிருந்து. பார்த்த சாட்சி வெளிச்சத்தில் பார்த்தது உண்மைதான், தாளில் இருக்கும் விளக்குதான் தப்பு. இதை எதிரி தரப்பு வக்கீல் முதலில் பிடித்திருந்தால், இருட்டில் எப்படி முகம் தெரிந்தது என்று ஒரே கேள்வியில் சாட்சியை உட்கார வைத்துவிடுவார். எங்கள் வக்கீல் அதை எழுதி பி.பி.யிடம் (அரசு வழக்கறிஞரிடம்) கொடுத்தார். பி.பி. ஐ.ஓ.வைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தத் தெருவில் குடியிருக்கிற ஆள் படிக்காவிட்டால் இந்தத் தப்பு யார் கண்ணில் படும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நானும் அரசுத் தரப்புச் சாட்சி. கூண்டில் ஏறியதும் “சார்ஜ் ஷீட் முழுக்கப் படிச்சிட்டுத்தானே வந்திருக்கீங்க?” என்று கேட்பார்கள், சொல்லிக்கொடுத்து வந்த சாட்சி என்று நிறுத்தப் பார்ப்பார்கள். பி.பி. இதை முன்னாலேயே எச்சரித்தார். அதனால் நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலத்தை நான் திறக்கவில்லை, வக்கீல்தான் படித்தார். எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும் என்ற வேகத்தில் நான் இருந்தேன். அதை அடக்கியது கஷ்டமாகத்தான் இருந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் அம்மா கையில் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டில் யார் எதைப் படிப்பது என்று கட்டைப் பிரிக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வக்கீலே எதிரியை மடக்குவார் என்று கனவு காண வேண்டாம். பாதிக்கப்பட்டவர் வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, பி.பி.க்கு உதவலாம், கடைசியில் அனுமதியோடு எழுத்து வாதம் கொடுக்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. விவசாயிகள் மீது வாகனம் ஏற்றிக் கொன்ற லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-ல் ஜாமீனை ரத்து செய்தபோது, போலீஸ் விசாரணைக் கட்டத்திலிருந்தே பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது அதே நீதிமன்றம்தான். நம் ஊரில் கோகுல்ராஜ் என்ற இளைஞரின் சாதி ஆணவக் கொலை வழக்கு இருக்கிறது. திருச்செங்கோடு கோயில் சி.சி.டி.வி. பதிவு அதில் முக்கியமான சான்று. அவருடைய தாய் உயர் நீதிமன்றம் வரை போனதால்தான் வழக்கு மதுரைக்கு மாறியது, ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். 2015-ல் நடந்த கொலைக்கு 2022 மார்ச்சில் தண்டனை.

எங்கள் வழக்கிலும் ஒரு சி.சி.டி.வி. பதிவு உண்டு, மாவு மில் வாசல் கேமராவில் எடுத்தது. நகல் கட்டோடு அது வரவில்லை. ஆவணங்கள் அதிகமாக இருந்தால் மின்னணு வடிவில் கொடுக்கவோ, கோர்ட்டிலேயே பார்க்கச் சொல்லவோ 230-லேயே இடம் இருக்கிறது. அதை வைத்துப் பதிவைப் பார்க்க அனுமதி கேட்டு அம்மா பெயரில் மனு போட்டிருக்கிறோம். போட்டோக்களைக் கலரில் தரச் சொல்லியும் அதிலேயே கேட்டிருக்கிறோம், பிரிண்ட் செலவு நம்முடையதாக இருந்தாலும் பரவாயில்லை என்று. அந்த மனு என்றைக்கு விசாரணைக்கு வருகிறது என்பதை ஆப்பில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் மூன்று ஸ்டாரை மூன்றரை ஆக்கலாம்.